மீள்வது எங்கே? நகர்ப்புற ஏழைப் பெண்களின் உளமீள்திறனும் அதை அளக்கும் கோல்களும்

ரெசிலியன்ஸ் என்ற ஆங்கிலச் சொல், வளைத்த வில்லோ அழுத்திய சுருளோ கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் பண்பைக் குறிக்கப் பொறியியலில் புழங்கி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உளவியலுக்குள் வந்தது. தமிழில் அதற்கு மீள்திறன், மீண்டெழும் ஆற்றல், தாங்குதிறன் என்று குறைந்தது மூன்று பெயர்கள் வழங்குகின்றன. அவற்றை ஒரே பொருளுடைய சொற்களாகக் கருதி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. மீள்வதற்கு ஒரு வீழ்ச்சியும், வீழ்ச்சிக்கு முந்தைய ஒரு நிலையும் இருந்தாக வேண்டும். தாங்குவதற்கு இரண்டும் வேண்டியதில்லை, தலைமேல் இருக்கும் சுமை இறங்காமல் இருந்தாலே போதும். நகரத்து ஏழைப் பெண்களிடம் வினாப்பட்டியலோடு செல்லும் ஆய்வாளர் இவ்விரண்டில் எதை அளந்துகொண்டு திரும்புகிறார் என்பதைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. அளவீட்டின் அடிப்படைச் சிக்கலே அதுதான்.

இக்கருத்தின் வரலாறு குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில் தொடங்குகிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் மனநோய் எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமும் நம்பிக்கையும் வாய்ந்த பெரியவர்களாக உருவாகியிருந்தனர். இப்படிப்பட்டவர்களுக்குள் பிறவியிலேயே ஏதோ ஒரு தனிச்சத்து இருப்பதாக முதலில் எண்ணப்பட்டது. அந்த எண்ணத்தை 2000-ஆம் ஆண்டில் சுனியா லூதரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் கடுமையாக மறுத்து, மீள்திறன் என்பது ஒருவரின் குணம் அல்ல, இடருக்கும் மனிதருக்கும் சூழலுக்கும் இடையே நடக்கும் ஒரு நிகழ்முறை என்று வாதிட்டனர். அதற்கு அடுத்த ஆண்டில் ஆன் மாஸ்டன், அது அதிசயத்திலிருந்து பிறப்பதில்லை, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் போன்ற சாதாரண ஏற்பாடுகள் ஒழுங்காக இயங்குவதிலிருந்தே பிறக்கிறது என்று எழுதினார். 2004-இல் ஜார்ஜ் பொனானோ, சில மாதங்கள் நிலைகுலைந்து பின்னர் தேறுவதை மீட்சி என்றும், நிலைகுலையாமல் அன்றாடத்தைத் தொடர்வதை மீள்திறன் என்றும் பிரித்துக் காட்டினார். மூவருடைய கருத்துகளும் வேறுபட்டாலும், கோட்பாட்டில் நிகழ்முறை என்று ஏற்றுக்கொண்ட துறை, களத்துக்குப் போகும்போது மட்டும் அதைக் குணமாகவே அளந்து வருகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அளவுகோல்களை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். உளவியலில் அளவுகோல் என்பது பதிலளிப்பவர் தம்மைப் பற்றிய சில கூற்றுகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் பட்டியல். பதில்களுக்கு எண் கொடுத்துக் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும். வாக்னில்டும் யங்கும் 1993-இல் வெளியிட்ட கோல், பெரும் இழப்பைக் கடந்து வாழ்ந்த 24 முதிய பெண்களின் நேர்காணல்களை அடித்தளமாகக் கொண்டு உருவானது என்பதால், இத்துறையின் முதல் கோல்களில் ஒன்று பெண்களின் வாய்மொழியிலிருந்தே பிறந்தது என்று சொல்லலாம். 2003-இல் காத்ரின் கானரும் ஜோனதன் டேவிட்சனும் அமைத்த கோலில் 25 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை வழங்கப்படுவதால் உச்ச மதிப்பெண் 100. அமெரிக்கப் பொதுமக்களிடம் இதன் சராசரி 80.4 என்றும், பொது மருத்துவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் 71.8 என்றும் அவர்கள் பதிவு செய்தனர். பதிப்புரிமை பெற்ற இக்கோலைப் பயன்படுத்த உரியவர்களின் அனுமதி வேண்டும். ப்ரூஸ் ஸ்மித்தும் பிறரும் 2008-இல் வெளியிட்ட சுருக்கமான கோலில் ஆறே கூற்றுகள்: மூன்று நேர்மறையானவை, மூன்று எதிர்மறையானவை. 2011-இல் கில் விண்டிலும் வேறு இருவரும் 19 கோல்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, எல்லோரும் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு உரைகல் இன்னும் இல்லை என்ற முடிவுக்கே வந்தனர்.

இனி இக்கோல்கள் சென்றடையும் இடத்தைப் பார்க்க வேண்டும். சென்னையில் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) முதல் பத்தாண்டில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தரும் வழியைப் பெரிதும் பின்பற்றியது. 2000-க்குப் பிறகு கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் நகரின் தென்விளிம்பில் உள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டப்பட்டவை 200 சதுர அடிக்கும் உட்பட்டவை. பழைய இடத்தில் வீட்டு வேலைக்கு நடந்தே போய்வந்த பெண், இங்கு வந்த பிறகு விடியுமுன் பேருந்து பிடிக்க வேண்டும், அல்லது வேலையை விட்டுவிட வேண்டும். கேரன் கொயெலோவும் உடன் ஆய்வாளர்களும் இக்குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களைப் பற்றி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, வீடு என்னும் கேள்வியையும் பிழைப்பு என்னும் கேள்வியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்ற இடத்திலிருந்தே பேசுகிறது. இப்பெண்களைப் பொறுத்தவரை இடர் என்பது வந்து போன நிகழ்ச்சி அல்ல. 2004-இன் ஆழிப்பேரலையும் 2015-இன் வெள்ளமும் வந்து போயின. தண்ணீர் லாரியும் தண்டல்காரரும் குடித்துவிட்டு வரும் கணவனும் வந்து போகிறவர்கள் அல்லர், வந்துகொண்டே இருப்பவர்கள். பழைய நிலைக்கு மீள்வீர்களா என்று கேட்டால், எந்தப் பழைய நிலை என்ற கேள்விதான் எழும்; ஆற்றங்கரையில் இருந்த வீடு இன்று இல்லை.

மொழிபெயர்ப்பில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. பிற மொழிக் கோலைத் தமிழாக்கும்போது, ஒருவர் தமிழில் பெயர்க்க, மூலத்தை அறியாத மற்றொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்க்க, இரண்டு ஆங்கில வடிவங்களையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறை, 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வழக்கமாயிற்று. இம்முறை சொற்பிழையைப் பிடிக்கும். சொல்லின் வாசனையைப் பிடிக்காது. பந்து தரையில் பட்டு எழுவதைப்போலத் துன்பத்திலிருந்து விரைந்து எழுவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைத் 'துள்ளி எழுவேன்' என்று பெயர்த்தால், அது பழுதில்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பிச் சென்றுவிடும். ஆனால் ஒரு பெண் துள்ளுகிறாள் என்றால் அடங்காதவள், திமிர் பிடித்தவள் என்றுதான் தெருவில் பொருள். 'ரொம்பத் துள்ளாதே' என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர், மாமியார் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது, தாம் துள்ளி எழுபவர் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். அந்தத் தயக்கம் தாளில் குறைந்த மீள்திறனாகப் பதிவாகும்.

இதைவிடவும் ஆபத்தானது, மாற்றங்களுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள முடியுமா என்று வினவும் கூற்று. பல கோல்களில் இது ஏதோ ஒரு வடிவில் இடம்பெறுகிறது. இதற்குத் தமிழில் இயல்பாக நாவில் வரும் சொல் 'அனுசரித்துப் போவது'. புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது தாய் சொல்வதும், அடிபட்டுத் திரும்பி வந்தவளை மறுபடி அனுப்பும்போது உறவினர் சொல்வதும், காவல் நிலையத்தில் சமரசம் பேசுவோர் சொல்வதும் இதே சொல்தான். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அப்படிப்பட்ட ஒரு பெண் அனுசரித்துப் போவேன் என்பதற்கு முழு மதிப்பெண் பெற்றால், அது அவருடைய ஆற்றலின் அளவா, அவரிடம் வேறு வழி இல்லாமையின் அளவா என்பதைக் கூட்டுத்தொகை சொல்லாது. இதற்கு மாறாக, பெண்கள் தாமாகப் பயன்படுத்தும் 'சமாளிக்கிறது' என்ற சொல்லில் சிறிது தந்திரமும் சிறிது தன்மானமும் கலந்திருக்கின்றன. கடன்காரருக்கு இன்று என்ன சொல்லி அனுப்புவது, ரேஷன் அரிசியை எத்தனை நாளைக்கு நீட்டுவது, மகளின் கட்டணத்துக்கு எந்தச் சீட்டை எடுப்பது என்பதெல்லாம் சமாளிப்பில் அடங்கும். மீள்திறனுக்கான தமிழ்க் கோல் ஒன்று புதிதாக எழுதப்படுமானால் அது அனுசரிப்பிலிருந்து அல்லாமல் சமாளிப்பிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

சொற்கள் சரியாக அமைந்துவிட்டாலும் எண்களின் சிக்கல் தீர்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் களப்பணியாளர் கூற்றை வாசித்துக் காட்டி, ஐந்து விடைகளில் ஒன்றைச் சொல்லக் கேட்கிறார். இத்தகைய சூழலில், கேட்கும் ஒவ்வொரு கூற்றுக்கும் 'ஆமாம்மா' என்று தலையசைப்பது மரியாதையாகவும், வேலையைச் சீக்கிரம் முடிக்கும் வழியாகவும் இருப்பதுண்டு. ஆய்வாளர்கள் இதை இசைவுச் சாய்வு என்பர். அதன் விளைவைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கானர்–டேவிட்சன் கோலின் கூற்றுகள் அனைத்தும் ஒரே திசையில் அமைந்தவை. 25 கூற்றுகளுக்கும் 'பெரும்பாலும் உண்மை' என்று ஒரே விடையைச் சொல்பவருக்கு, ஒவ்வொன்றுக்கும் 3 வீதம், 75 கிடைக்கும். அது அமெரிக்காவில் பொது மருத்துவரிடம் வந்தவர்களின் சராசரியைவிட அதிகம். ஸ்மித்தின் ஆறு கூற்றுக் கோலிலோ எதிர்மறைக் கூற்றுகளின் எண்கள் தலைகீழாக்கப்படுவதால், எல்லாவற்றுக்கும் ஏற்கிறேன் என்றாலும், எல்லாவற்றையும் கடுமையாக மறுத்தாலும், எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்லும் எவருக்கும் சராசரி சரியாக 3.00. அக்கோலை விளக்குவோர் 3.00 முதல் 4.30 வரையுள்ள மதிப்பை இயல்பான மீள்திறன் என்று கொள்கின்றனர். ஆக, கூற்றுகளைக் காதிலேயே வாங்காமல் தலையசைத்த பெண்ணும் இயல்பானவர் பட்டியலில், அதன் வாசற்படியிலேயே, வந்து நின்றுவிடுகிறார்.

நம்பகத்தன்மையைச் சோதிக்கும் எண்ணும் இங்கே கைகொடுப்பதில்லை. க்ரோன்பாக் ஆல்ஃபா என்பது ஒரு கோலின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குறியீடு, 0.7-க்கு மேல் இருந்தால் ஆய்வேடுகள் நிம்மதி அடைகின்றன. சிலர் எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விடையையும் வேறு சிலர் எல்லாவற்றுக்கும் ஒரே நடுத்தர விடையையும் சொன்னால், ஒரே திசைக் கூற்றுகள் கொண்ட கோலில் இக்குறியீடு ஏறும். திசை மாறும் கூற்றுகள் கொண்ட கோலில் இறங்கும். எந்தக் கோல் தலையசைப்பை மறைக்கிறதோ அதுவே நம்பகமான கோலாகத் தோன்றும் விந்தை இதனால் நேர்கிறது. கோலின் உள்ளமைப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. கானர்–டேவிட்சன் கோலின் 25 கூற்றுகள் அமெரிக்காவில் ஐந்து தொகுதிகளாகச் சேர்ந்தன. சீனாவில் அதே கூற்றுகள் 2007-இல் மூன்று தொகுதிகளாகவே சேர்ந்தன. உள்ளமைப்பே மாறிவிட்ட பிறகு, இரு நாட்டுக் கூட்டுத்தொகைகளை அருகருகே வைத்து எவர் அதிக மீள்திறன் உடையவர் என்று சொல்வது, படியால் அளந்த நெல்லையும் முழத்தால் அளந்த துணியையும் ஒப்பிடுவதாகும்.

எந்த நாளில், எந்த அறையில் கேட்கப்படுகிறது என்பதற்கும் பங்குண்டு. 2013-இல் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத நாளிலும் அறுவடைப் பணம் வந்த பிறகும் ஒரே வகைச் சிந்தனைத் தேர்வுகள் நடத்தப்பட்டன. முன்னதைவிடப் பின்னதில் அதே மனிதர்கள் நன்றாகச் செய்தனர். அது அறிவுத்திறனைப் பற்றிய ஆய்வு, மீள்திறனைப் பற்றியது அல்ல. கரும்பு விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் இந்த ஏற்ற இறக்கம் நகரத்துப் பெண்ணுக்கு வாரத்துக்கு வாரம் வருகிறது என்பதும் உண்மை. ஆயினும் ஒருவரின் நிலையான பண்பு என்று நம்பப்பட்ட ஒன்றே பணத்தட்டுப்பாட்டோடு அசைகிறது என்றால், குழு லோனின் வாரத்தவணை நாளில் எடுத்த மதிப்பெண்ணையும் சீட்டுப்பணம் கைக்கு வந்த மறுநாள் எடுத்த மதிப்பெண்ணையும் ஒரே பெண்ணின் ஒரே குணமாகக் கருத முடியாது.

அறையின் சிக்கல் இன்னும் வெளிப்படையானது. ஒற்றை அறையில், இரவுப் பணி முடித்து வந்த கணவன் ஒரு பக்கம் உறங்க, குழந்தை மடியில் கிடக்க, வாசலில் பக்கத்து வீட்டார் நிற்க, தாம் துன்பத்தில் உடைந்துபோவதுண்டா என்ற கேள்விக்கு ஒரு பெண் உரக்க விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வில் வன்முறை பற்றிய பகுதிக்கு, ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், தனிமை கிடைக்காவிட்டால் அப்பகுதியைக் கேட்கவே கூடாது என்ற விதி இருக்கிறது. மீள்திறன் கோல்களுக்கு அப்படிப்பட்ட விதி ஏதும் இல்லை, அவை தீங்கற்றவை என்று கருதப்படுவதால். யார் பதில் சொல்கிறார் என்பதும் பார்க்க வேண்டியது. களப்பணியாளரை அங்கன்வாடி ஊழியரோ சுய உதவிக் குழுத் தலைவியோ அழைத்துச் செல்லும்போது, குழுவில் இருப்பவர்களும் பகலில் வீட்டில் இருப்பவர்களுமே எளிதில் கிடைக்கின்றனர். விடிகாலைப் பேருந்தில் சென்றவர்கள் கிடைப்பதில்லை. ஒதுக்கீட்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மீண்டும் நகருக்குள் ஏதோ ஒரு சந்தில் குடியேறியவர்கள், அதாவது சொல்லின் நேர்ப்பொருளிலேயே மீண்டு சென்றவர்கள், மாதிரியிலேயே இல்லை.

இவையெல்லாம் முறையியல் குறைகள், திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத கேள்வி, தாங்குவதற்குக் கொடுக்கும் விலை பற்றியது. இடைவிடாத நெருக்கடியில் உடல் தன்னைத் தக்கவைத்துக்கொள்ளச் சுரப்பிகளையும் இரத்த அழுத்தத்தையும் ஓயாமல் முடுக்கி வைப்பதால் ஏற்படும் தேய்மானத்துக்கு, 1993-இல் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 'அலோஸ்டேடிக் சுமை' என்று பெயரிட்டனர். ஜீன் பிராடியும் பிறரும் 2013-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறங்களைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்களை ஆராய்ந்தபோது, கடும் வறுமையிலும் படிப்பில், நடத்தையில், மனநலத்தில் சிறந்து விளங்கியவர்களின் உடலில் இச்சுமை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மீள்திறன் தோலளவுக்குத்தானா என்று அவர்கள் வினவினர். மனம் பெற்ற நல்ல மதிப்பெண்ணுக்கான கட்டணத்தை உடல் செலுத்தியிருந்தது. சென்னைப் பெண்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், 'மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்' என்று ஒரு பெண் சொல்லும்போது அதைத் திடமான மனம் என்று மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த மூச்சில் அவர் சொல்லும் படபடப்பையும் தூக்கமின்மையையும் கால் வீக்கத்தையும் வேறு துறைக்கு உரியவை என்று விட்டுவிடும் ஆய்வு பாதியைத்தான் கேட்டிருக்கிறது. தென் கன்னடப் பெண்களைப் பற்றி மார்க் நிக்டர் 1981-இல் எழுதிய கட்டுரை, நேராகச் சொல்ல இடமில்லாத துன்பம் உடல் வழியாகவும் நோன்பு வழியாகவும் உணவு வழியாகவும் எவ்வாறு பேசுகிறது என்பதைக் காட்டியது. அந்தப் பாடம் மீள்திறன் ஆய்வுகளுக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

மதிப்பெண் நிர்வாகத்தின் கைக்குப் போகும்போது நிகழ்வதையும் சொல்லியாக வேண்டும். சராசரி குறைவாக வந்தால், பெண்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி வேண்டும் என்று திட்டம் எழுதப்படுகிறது; அதிகமாக வந்தால், எதையும் தாங்கும் பெண்கள் என்று பாராட்டு எழுதப்படுகிறது. இரண்டிலும் குழாயில் தண்ணீர் வராதது பேச்சில் இல்லை. 2019-இன் கோடையில் நகருக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, பெண்கள் நள்ளிரவில் லாரிக்காகக் காத்துக் கிடந்ததை அவர்களுடைய மனவலிமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கும், நீர் வழங்கலின் தோல்விக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கும் உள்ள தூரம் பெரிது. ஸ்டீவன் ஹாப்ஃபால் 1989-இல் முன்வைத்த வளக்காப்புக் கோட்பாடு இங்கே அதிகம் பயன்படும்: மனிதர் நெருக்கடியைச் சந்திப்பது கையிலுள்ள வளங்களைக் கொண்டு, வளம் குறைந்தவர் ஒன்றை இழந்தால் அடுத்த இழப்புக்கு அதுவே வழி திறக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணமும், 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதந்தோறும் சேரும் 1,000 ரூபாயும் எந்த உளவியல் பயிற்சியும் இல்லாமலேயே பெரும்பாக்கத்துப் பெண்ணின் சமாளிக்கும் திறனை மாற்றக்கூடியவை. எந்தக் கூற்றும் அதைக் கேட்பதில்லை. மைக்கேல் உங்கரின் குழுவினர் திருத்தி வெளியிட்ட, 17 கூற்றுகள் கொண்ட பெரியோர் கோல், தனிமனிதப் பகுதியோடு உறவுகள் பற்றிய பகுதியையும் சேர்த்திருப்பது இத்திசையில் ஒரு படி. ஆனால் உறவு என்பதில் தவணை தள்ளிப்போக உதவும் எதிர்வீட்டு அக்காவுக்கு இடமிருக்கிறதே தவிர, பேருந்துக்கும் குழாய்க்கும் இடமில்லை.

கோல்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது இதன் பொருளல்ல. கதைகளை மட்டும் வைத்துக்கொண்டு 15,000 வீடுகளைப் பற்றிப் பேச முடியாது. வாக்னில்ட் செய்ததைப்போல முதலில் பெண்களின் சொற்களைத் திரட்டி, அவற்றிலிருந்து கூற்றுகளை அமைத்து, ஒரு முறை அல்லாமல் ஓராண்டில் நான்கைந்து முறை அதே பெண்களிடம் கேட்டு, ஒவ்வொரு முறையும் வீட்டின் பணநிலையையும் உடல்நிலையையும் உடன் பதிவு செய்தால், தாங்குதலையும் மீள்தலையும் ஓரளவு பிரித்தறிய இயலும். இதற்குப் பணமும் காலமும் பிடிக்கும். ஒரே முறை சென்று 200 பெண்களிடம் தாளை நிரப்பி வரும் பட்டமேற்படிப்பு ஆய்வுகளுக்கு அது எட்டாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எட்டக்கூடிய ஒன்று உண்டு. எந்த வினாப்பட்டியலின் முதல் பக்கத்திலும் நேர்காணல் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. இன்று தண்ணீர் வந்ததா, இந்த வாரத் தவணை கட்டியாயிற்றா, கேட்கும்போது அறையில் வேறு யார் இருந்தார் என்று அவற்றின் கீழே மேலும் மூன்று கட்டங்கள் வரைய எவருடைய அனுமதியும் தேவையில்லை. பதிப்புரிமை அந்த 25 கூற்றுகளுக்கு மட்டும்தான்.